கூட்டுக்குள் கை விடும் முன்...

எங்கள் வீட்டில் ஏழெட்டு நாட்டுக்கோழிகள் இருக்கின்றன. போன மாசம் முட்டை எடுக்க என் மகள் கூட்டுக்குள் கை விட்டாள். 'உஸ்'ஸென்று சத்தம்! பதறிக் கையை இழுத்துக்கொண்டாள். எட்டிப் பார்த்தால் நல்ல பாம்பு. எனக்கு உயிரே போய்விட்டது.

சிந்திக் கிடக்கும் ராகிக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும் என்பது அப்புறம்தான் உறைத்தது. இப்போது பொழுது சாயும் முன்பே மிச்சத் தீனியைப் பெருக்கி அள்ளிவிடுகிறேன். கோழிவலையின் பெரிய கண்ணில் பாம்பு நுழைந்துவிடும். அதனால் அதன்மேல் கால் அங்குலக் கண் கம்பிவலை அடித்துவிட்டோம். கீரி, காட்டுப்பூனைக்குப் பயந்து ராத்திரி தாழ்ப்பாள். டார்ச் அடிக்காமல் யாரும் கை விடுவதில்லை.

மீறிக் கடித்துவிட்டால் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், மந்திரிக்க ஓடாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். விஷமுறிவு ஊசி அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்தான், சகோதரிகளே!

- ஓர் இல்லத்தரசி, பென்னாகரம்.