பால் தெளிய வைக்கும் பஞ்ச்

கிறிஸ்துமஸ், புத்தாண்டு விருந்துக்கு வீட்டில் மதுவகை வாங்கி வைப்பவர்கள் பெரும்பாலும் பாட்டில்களின் எண்ணிக்கையைத்தான் கூட்டுகிறார்கள். இருபது பேர் வந்துவிட்டால், ஆளுக்கொன்றாகக் கலந்து கொடுப்பதிலேயே வீட்டுக்காரரின் இரவு கழிந்துவிடும். இதற்குப் பழைய, அருமையான வழி ஒன்று இருக்கிறது: மில்க் பஞ்ச். வாரக்கணக்கில் முன்னதாகவே செய்து, ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம்.

பெயரைக் கேட்டால் வெள்ளையாக இருக்கும் என்றுதான் தோன்றும். ஆனால் கிளாஸில் ஊற்றினால் இளமஞ்சள் நிறத்தில், அடிவரை தெரியும் தெளிவோடு நிற்கும்.

அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின் 1763 அக்டோபரில் நண்பர் ஜேம்ஸ் போடனுக்கு இதன் செய்முறையை எழுதி அனுப்பினார். 44 எலுமிச்சையின் தோலைச் சீவி 6 குவார்ட் பிராந்தியில் 24 மணி நேரம் ஊறவைக்க வேண்டும். ஒரு குவார்ட் என்பது ஏறக்குறைய ஒரு லிட்டர். பிறகு தண்ணீர், எலுமிச்சைச் சாறு, துருவிய ஜாதிக்காய், சர்க்கரை. கடைசியில் 3 குவார்ட் கொதிக்கும் பால். இரண்டு மணி நேரம் வைத்திருந்து துணிப்பையில் வடிகட்ட வேண்டும்.

பால் திரிந்துபோகுமே? திரியத்தான் வேண்டும். பாலின் புரதத்தில் சுமார் 80 சதவீதம் கேசீன். அது நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. உருண்டைகள் எல்லாவற்றின் மேற்பரப்பிலும் எதிர் மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளி விலகியே நிற்கின்றன. எலுமிச்சையின் அமிலம் அந்த மின்னூட்டத்தைத் தணிக்கிறது. பி.எச். அளவு 4.6-ஐ நெருங்கும்போது தள்ளும் விசை போய், உருண்டைகள் ஒட்டித் திரளாகின்றன. பனீர் செய்யும்போது நடப்பதும் இதுதான். அங்கே திரளை எடுத்துக்கொள்கிறோம்; இங்கே நமக்கு வேண்டியது நீர்.

திரள் உருவாகும்போது பால் கொழுப்பு அதில் சிக்கிக்கொள்கிறது. கூடவே டானின்களும். மரப்பீப்பாயில் கிடந்த பிராந்திக்கும் ரம்முக்கும், பஞ்சில் சேர்க்கும் தேநீருக்கும் துவர்ப்பைத் தருபவை இவை. கேசீனோடு இவை எளிதில் பிணைந்துவிடும். தேநீரில் பால் விட்டதும் துவர்ப்பு அடங்குவதற்கும் இதுவே காரணம். ஆகவே வடிகட்டிய பஞ்சில் தொண்டையைப் பிடிக்கும் காரம் குறைந்திருக்கும். அமிலத்தில் திரியாத பால் புரதங்கள் கொஞ்சம் தங்கி, நாக்கில் ஒரு வழவழப்பைத் தருகின்றன. நீண்ட காலம் முதிர்ந்த விலையுயர்ந்த பிராந்தியை இதற்குச் செலவழிப்பது வீண். அதன் நயங்களில் பலவும் திரளோடு போய்விடும். நடுத்தர விலையில் கிடைப்பதே போதும்.

வேலையின் உயிர்நாடி வடிகட்டுவதில் இருக்கிறது. இன்று பலர் பாலைப் பாத்திரத்தில் வைத்துக்கொண்டு, அதில் பஞ்சை மெதுவாக ஊற்றுகிறார்கள். நாலு பங்கு பஞ்சுக்கு ஒரு பங்கு பால் சரியாக இருக்கும். சற்று நேரம் அசைக்காமல் விட்டு, மெல்லிய பருத்தித் துணியில் திரளோடு சேர்த்து ஊற்றுங்கள். முதலில் இறங்குவது கலங்கலாகத்தான் இருக்கும். அதை எடுத்து, துணியில் படிந்த திரளின் மேலேயே மறுபடி மெல்ல ஊற்றுங்கள். இப்போது துணியைவிட அந்தப் படிவுதான் நுண்ணிய வடிகட்டி. சொட்டு சொட்டாக இறங்கும். ராத்திரி முழுக்கக்கூட ஆகலாம். அவசரப்பட்டுத் துணியைப் பிழிந்தால் எல்லாம் மீண்டும் கலங்கிவிடும்.

கொழுப்பும் கேசீனும் நீங்கி, மதுவும் அமிலமும் சர்க்கரையும் மிஞ்சுவதால் பஞ்ச் எளிதில் கெடாது.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். காரம் குறைந்தாலும் மதுவின் அளவு குறைவதில்லை. வண்டி ஓட்டுபவருக்கு இதைக் கொடுக்கக் கூடாது. பாலின் லாக்டோஸும் சில புரதங்களும் பானத்தில் அப்படியே இருக்கும், ஆனால் பார்வைக்குத் தெரியாது. பால் ஒவ்வாதவர் அறியாமல் குடித்துவிட முடியும். ஆகவே பாட்டிலில் ‘பால் சேர்ந்தது’ என்று எழுதி ஒட்டுங்கள். ஊற்றும்போது வாயாலும் சொல்லுங்கள்.