அயல்நாட்டு உதவியும் நம் விதைத் தொழிலும்

திருச்செந்தூர் வட்டார நன்செய்கள் பொருநையாற்றின் கடைசி அணைக்கட்டாகிய ஸ்ரீவைகுண்டம் அணையின் தென்கால் நீரை நம்பி நிற்பவை. கடைமடை உழவருக்கு நீர் தாமதித்தே வரும். அந்நிலையில் விதையும் பொய்த்துப் போனால் ஒரு பருவத்தின் உழைப்பு முழுவதும் வீணாகும். அவ்விதையின் தரத்திற்குப் பொறுப்பேற்பவர் யார் என்று வினவுவோமாயின், அயல்நாட்டு உதவியுடன் வளர்ந்த ஒரு பெருந்தொழிலின் வரலாறு நம்முன் விரியும்.

முன்னாளில் உழவர் தம் விளைச்சலிலேயே நல்ல கதிர்களைத் தேர்ந்து, உலர்த்தி, மறு பருவத்திற்குக் காத்து வந்தனர். வீரிய ஒட்டு விதையோ அவ்வாறு காக்கத் தக்கதன்று. அதன் விளைச்சலை மீண்டும் விதைத்தால் வீரியம் குன்றும். ஆகவே ஆண்டுதோறும் புதிய விதையை உற்பத்தி செய்து வழங்கும் ஓர் அமைப்பு இன்றியமையாததாயிற்று. அமெரிக்காவின் ராக்பெல்லர் அறநிறுவனத்தின் துணையுடன் 1957-இல் தொடங்கிய மக்காச்சோள ஆராய்ச்சியின் பயனாக 1961-இல் முதல் வீரிய ஒட்டு இரகங்கள் வெளிவந்தன. 1963-இல் தேசிய விதைக் கழகம் தோன்றியது. 1966-இல் விதைச் சட்டம் இயற்றப்பட்டது. தமிழகத்தைச் சேர்ந்த சி. சுப்பிரமணியம் உணவு அமைச்சராக இருந்த அவ்வாண்டிலேயே மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை தருவிக்கப்பட்டது. 1969-இல் வடநாட்டின் தராய்ப் பகுதியில் விதை உற்பத்திக்கு உலக வங்கி கடன் வழங்கியது. பின்னர்த் தேசிய விதைத் திட்டத்திற்கும் அவ்வங்கியின் நிதி கிடைத்தது.

இவ்வுதவிகளால் நிலைத்த பயன், கப்பலில் வந்த மூட்டைகளினும் இங்கு வேரூன்றிய ஒழுங்குமுறையே எனலாம். பயிர்ப்பெருக்க வல்லுநர் தரும் வல்லுநர் விதை மஞ்சள் அட்டை பெறும். அதிலிருந்து பெருக்கப்படும் ஆதார விதைக்கு வெள்ளை அட்டை. அதிலிருந்து உழவருக்காக விளைவிக்கப்படும் சான்று விதைக்கு நீல அட்டை. சான்று நெல் விதையில் நூற்றுக்கு 98 பங்கேனும் தூய விதை இருத்தல் வேண்டும். 80 விதையேனும் முளைத்தல் வேண்டும். ஈரப்பதம் 13 விழுக்காட்டை மிகலாகாது. விதைப்பண்ணையும் ஆய்வுக்கூடமும் கூடித் தரும் உறுதிமொழியே அச்சிறு அட்டை.

எனினும் வந்ததனைத்தும் நன்மையே தந்தது என்று கூறுதற்கில்லை. அமெரிக்காவில் உருவான பெண் பெற்றோர் வழியொன்றைக் கொண்டு 1965-இல் வீரிய ஒட்டுக் கம்பு வெளியிடப்பட்டது. விளைச்சல் பெருகியது, உழவரும் விரும்பிப் பயிரிட்டனர். ஆனால் 1970-களின் தொடக்கத்தில் அடிச்சாம்பல் நோய் பரவி அக்கம்பைப் பாழ்படுத்தியது. பரந்த நிலப்பரப்பு ஒரே பெற்றோர் வழியை நம்பி நின்றதே அக்கேட்டைப் பெரிதாக்கிற்று. நம் தேரிக்கு அப்பாலுள்ள மானாவாரி மக்களுக்குக் கம்பின் அருமை நன்கு தெரியும்.

இதற்கு மாற்றாக நம் ஆற்றங்கரையிலேயே ஒரு சான்று உண்டு. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1937-இல் தோன்றியது. இந்நிலத்தையும் கார், பிசானப் பருவங்களையும் அறிந்த அந்நிலையம் 1986-இல் வழங்கிய அம்பை 16 என்னும் குறுகிய கால நெல், இட்லி அரிசியாக இன்றும் பெயர் பெற்று விளங்குகிறது. அயல்நாட்டு இரகங்களை ஏற்கவும், திருத்தவும், தேவையின்றேல் விலக்கவும் வல்லமை தருவன இத்தகைய உள்நாட்டு நிலையங்களே.

1988-ஆம் ஆண்டின் புதிய விதைக் கொள்கை தனியார்க்கும் இறக்குமதிக்கும் வாயிலை அகலத் திறந்தது. விதைக்கு உரிமையாளர் யார் என்னும் வினாவும் உடன் எழுந்தது. 2001-இல் இயற்றப்பட்ட பயிர் இரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், உழவர் தம் விளைச்சலிலிருந்து விதையைச் சேமிக்கவும், மீண்டும் விதைக்கவும், பிறருடன் பகிரவும், வணிக முத்திரையின்றி விற்கவும் உரிமை அளித்துள்ளது.

உதவி பெறுதல் இழிவன்று. அதனைக் கொண்டு தற்சார்பு எய்தாமையே இழிவு. வேளாண் குடியில் பிறந்து இக்கல்லூரியில் பயிலும் மாணவர்கள், தம் வீட்டிற்கு வரும் விதைப்பையின் அட்டையை ஒருமுறை படித்துப் பார்ப்பார்களாக. அதன் பொருளைத் தந்தையர்க்கு எடுத்துரைப்பார்களாக. கற்ற கல்வி கடைமடை வயலுக்குப் பயன்படும் வழிகளுள் அதுவும் ஒன்றாம்.