ஊர் வீடுகள்: ஜன்னலில் தெரியும் வயது

பவானியைச் சுற்றியுள்ள ஊர்களின் பழைய மண்சுவர் வீடுகளில் ஜன்னலே இல்லாதவை பல. புகை போகவும் சிறிது வெளிச்சம் வரவும் கூரைக்குக் கீழே ஒரு துளை விட்டிருப்பார்கள், அவ்வளவுதான். மண்சுவரில் அகலமாகத் திறப்பு விட்டால் மேல்பாரம் நிற்காது. திருட்டு பயமும் இருந்தது. வசதியுள்ளோரின் தொட்டிக்கட்டு வீடுகளுக்குக்கூட காற்றும் வெளிச்சமும் நடுவிலிருந்த தொட்டி என்னும் திறந்த முற்றம் வழியாகத்தான் வந்தன.

அடுத்த கட்டம் மரக்கம்பி ஜன்னல். மேல் சட்டத்திலும் கீழ்ச் சட்டத்திலும் துளையிட்டு, உளியால் செதுக்கிய கட்டைகளைச் செருகியிருப்பார்கள். ஒரு கட்டை போல இன்னொன்று இராது. பிறகு அதன் இடத்துக்கு இரும்பு வந்தது. சென்னையிலிருந்து ஈரோடு வழியாகப் பேப்பூர் சென்ற ரயில் பாதை 1862இல் நிறைவடைந்தபின், ஆலைக் கம்பி இந்தப் பக்கம் வந்து சேர்வது எளிதாயிற்று. கம்பியை விரலால் மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்தாலே வித்தியாசம் புரியும். கொல்லர் அடித்த கம்பி ஓரிடத்தில் பருத்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருக்கும். ஆலைக் கம்பி முழுக்க ஒரே கனம். மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு கதவு வைத்த ஜன்னல்கள் இந்த இரும்புக் காலத்து வீடுகளில் நிறையத் தென்படும். கீழ்க்கதவைச் சாத்தி மேல்கதவைத் திறந்துவிட்டால் தெருவில் போகிறவர் கண்ணுக்கு வீடு மறையும், காற்றுக்குக் குறைவிராது. இதைவிட நல்ல ஏற்பாடு பின்னால் வரவில்லை.

1934இல் மதுக்கரை சிமென்ட் ஆலை தொடங்கியது. சிமென்ட் பரவியதும் சன்ஷேடு நீண்டது, பூ வேலைப்பாட்டுடன் சிமென்ட் ஜாலி வந்தது. பட்டைக் கம்பி கிரில்லைப் பற்றவைக்க மின்சாரமும் வெல்டிங் பட்டறையும் வேண்டும். பைக்காரா மின்நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கினாலும் கிராமங்களில் மின்சாரம் பரவலானது சுதந்திரத்துக்குப் பிறகுதான். ஆகவே பட்டைகள் சேருமிடத்தில் ரிவெட் தலை இருந்தால் பழையது. உருகி வழிந்த தடம் இருந்தால் பிந்தையது.

ஆனால் ஜன்னலின் வயதே சுவரின் வயது என்று எடுத்துக்கொண்டால் ஏமாற வேண்டியதுதான். பவானி சங்கமேஸ்வரர் கோயிலே இதற்குச் சான்று. கோவை கலெக்டராக இருந்த வில்லியம் காரோ, வேதநாயகி அம்மனைத் தரிசிக்க மதிலில் மூன்று துளைகள் இடச் செய்தார் என்பது கோயிலில் வழங்கும் செய்தி. அவர் காணிக்கையாகத் தந்த தந்தக் கட்டிலில் உள்ள ஆண்டு 1804. துளைகள் அவர் காலத்தவை. மதில் அதற்கு முன்பே நின்றது. வீடுகளிலும் இப்படித்தான், பழைய சுவரை இடித்துப் புது ஜன்னல் வைப்பார்கள். இடிந்த வீட்டின் தேக்கு ஜன்னலை வாங்கிப் புது வீட்டில் பொருத்துவதும் உண்டு. ஜன்னல் தாழ்ந்திருப்பதை வைத்தும் வயதைச் சொல்லிவிட முடியாது. ஜமக்காளம் நெய்யும் வீட்டில் குழித்தறியில் உட்கார்ந்தவரின் கை தரையோடு ஒட்டித்தான் இயங்கும், அந்த உயரத்துக்கு வெளிச்சம் வேண்டும்.

சந்தேகம் வந்தால் சட்டத்தைச் சுற்றியுள்ள பூச்சைப் பார்க்க வேண்டும். சுவரோடு சேர்த்து வைத்த சட்டத்தின் முனைகள் கட்டுமானத்துக்குள் ஓடியிருக்கும். பிறகு வைத்ததைச் சுற்றி ஒட்டுப்போட்ட காரையோ சிமென்ட்டோ தனி நிறத்தில் நிற்கும். அதையும் வெள்ளையடித்து மறைத்திருந்தால் திறப்பின் தலைமேல் உள்ளதைப் பார்க்கலாம். மரப்பலகையா, கல் பலகையா, செங்கல் வளைவா, கான்கிரீட் லிண்டலா? மேல்சுவரின் பாரம் முழுவதும் அதன்மேல் இருப்பதால், கம்பியையும் கதவையும் மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை.