எலும்புகளுக்குத் தமிழில் நூல் தந்தவர்

உங்கள் வலக்கையை நீட்டி, உள்ளங்கையை மேல்நோக்கி வைத்துப் பின்னர்க் கீழ்நோக்கித் திருப்புங்கள். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையே இரண்டு எலும்புகள் உள்ளன. கையைத் திருப்பும்போது பெருவிரல் பக்கத்து எலும்பு, சிறுவிரல் பக்கத்து எலும்பின்மேல் குறுக்காகப் புரள்கின்றது. கொழுந்தெடுக்கும் உங்கள் பெற்றோர் கையில் இவ்வசைவு நாளொன்றுக்கு எத்தனை முறை நிகழ்கின்றதோ! வளர்ந்த மனிதனுக்கு 206 எலும்புகள். பிறந்த குழந்தைக்கு இதனினும் மிகுதி. வளர வளரச் சில ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன.

இவற்றையெல்லாம் தமிழில் கற்க இயலுமா எனப் பெற்றோர் சிலர் என்னிடம் வினவியதுண்டு. 2003ஆம் ஆண்டில் நம் நாட்டுப் பள்ளிகளில் அறிவியல் பாடம் ஆங்கிலத்திற்கு மாறியபோது அவ்வினா மிகுதியாக எழுந்தது. அவர்களுக்கு நான் கூறிய விடை, சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் மருத்துவரின் வரலாறே.

ஐரோப்பாவில் நெடுங்காலம் கேலன் என்னும் பண்டை மருத்துவர் எழுதியதே வேதவாக்காயிருந்தது. அவர் அறுத்துப் பார்த்தவை பெரும்பாலும் விலங்குகளின் உடல்கள். ஆகவே மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனதென எழுதினார். வெசாலியஸ் என்பார் மனித உடலையே ஆராய்ந்து, அஃது ஒரே எலும்பு என 1543இல் வெளியிட்ட நூலில் காட்டினார். அவ்வழி வளர்ந்த உடற்கூற்றுக் கல்வியைத் தமிழுக்குக் கொணர்ந்தவருள் முதன்மையானவர் கிறீன்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1822இல் பிறந்த அவர், 1847இல் யாழ்ப்பாணம் வந்தார்; மானிப்பாயில் மருத்துவமனையும் மருத்துவக் கல்வியும் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆங்கிலம் கற்ற மருத்துவர்கள் அரசாங்க உத்தியோகத்தை நாடிச் சென்றுவிட, கிராமத்து நோயாளி பழையபடியே கிடந்தான். தமிழில் பயின்றவன் தன் ஊரிலேயே தங்கி வைத்தியம் செய்வான் என எண்ணிய கிறீன், 1860களில் கல்வியைத் தமிழுக்கு மாற்றினார்.

பாடம் நடத்த நூல் வேண்டுமே! தம் மாணவர்களின் துணையோடு மொழிபெயர்ப்பில் இறங்கினார். 'இரண வைத்தியம்' 1867இல் வெளிவந்தது. இலண்டனில் ஹென்றி கிரே 1858இல் வெளியிட்ட புகழ்பெற்ற உடற்கூற்று நூலைத் தழுவிய 'மனுஷ அங்காதிபாதம்' 1872இல் அச்சேறியது. கிரேயோ, பெரியம்மை கண்டு 34 வயதிலேயே இறந்துபோனார். தம் நூல் தமிழ் பேசியதை அவர் அறியார்.

கலைச்சொல்லுக்கு முதலில் தமிழிலும், கிடையாவிடில் வடமொழியிலும் தேடுவது கிறீனின் முறை. இரண்டிலும் அகப்படாதபோதே ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு இயையத் திருத்திக்கொள்வார். வேதியியலுக்கு அவர் இட்ட பெயர் 'கெமிஸ்தம்'. அச்சொல் எனக்கு அத்துணை உவப்பாயில்லை. ஆயினும் சொல்லுக்காகக் காத்திராமல் பாடத்தைத் தொடங்கினாரே!

1873இல் உடல்நலம் குன்றித் தாயகம் திரும்பிய பின்னரும் தமிழ் நூற்பணியை விட்டாரில்லை. 1884இல் மறைந்தார். ஊஸ்டர் நகரிலுள்ள அவரது கல்லறையில், தமிழர்க்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று பொறிக்கப்பட்டுள்ளது.