நினைவில் வைக்கும் பொத்தானும் ஊருக்குச் சொல்லும் பொத்தானும்

2009ஆம் ஆண்டு யுத்தம் முடிந்த பின்னர் எமது பெண்களில் பலர் குடும்பச் சுமையைத் தனியே தாங்க வேண்டியவர்களானார்கள். தையல், கோழி வளர்ப்பு, தோட்டம் என்பவற்றோடு அலுவலக வேலைக்குப் போகும் சகோதரிகளும் இருக்கிறார்கள். சங்கம், கடை, தனியார் வைத்திய நிலையம், தொண்டு நிறுவனம் எதுவாயினும், முன்மேசையில் அமர்பவரின் கைக்கு முதலில் வருவது தொலைபேசிதான்.

அதில் நிறையப் பொத்தான்கள் இருக்கும். பயப்படத் தேவையில்லை. பொதுவாக, பி.ஏ.பி.எக்ஸ் எனும் ஒரு பெட்டி, சில வெளி இணைப்புகளைப் பல மேசைகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. ஒவ்வொரு மேசைக்கும் ஒரு சிறிய உள் இலக்கம் உண்டு. வெளியே கதைக்கப் பல அலுவலகங்களில் முதலில் 9ஐ அழுத்த வேண்டும். பிறகு 021, 024, 065 போன்ற பிரதேச எண்ணுடன் பத்து இலக்கங்களையும் அழுத்த வேண்டும்.

இவற்றுள் ரீடயல், பேஜிங் எனும் இரண்டு வசதிகளைப் பற்றி இங்கு பார்ப்போம். இரண்டும் வேலையை இலகுவாக்குபவை. கவனமின்றிப் பாவித்தால் இரண்டும் ஒரு பெண்ணின் இரகசியத்தை வெளியே கொண்டுபோய் விடக்கூடியவை.

ரீடயல்

கடைசியாக அழைத்த இலக்கத்தைத் தொலைபேசி தன் நினைவில் வைத்திருக்கும். பிரதேச செயலகத்துக்கு எடுக்கிறீர்கள், 'பிஸி' என்கிறது. ரிசீவரை வைத்து, மீண்டும் எடுத்து, ரீடயலை அழுத்தினால் போதும். சில கருவிகள் இணைப்புக் கிடைக்கும் வரை சில தடவைகள் தாமாகவே முயற்சி செய்யும். வேறு சில, கடைசியாக அழைத்த பல இலக்கங்களைத் திரையில் வரிசையாகக் காட்டும்.

ஆனால் அந்த நினைவு உங்களுக்கு மட்டும் உரியதல்ல. நீங்கள் எழுந்துபோன நேரத்தில் இன்னொருவர் அதே தொலைபேசியில் கதைத்திருந்தால், ரீடயல் அவர் அழைத்த இடத்துக்கே போகும். ஆகவே மறுமுனையில் குரல் கேட்டவுடன் விடயத்தைச் சொல்லத் தொடங்காதீர்கள். "வணக்கம், யார் கதைக்கிறீர்கள்?" என்று முதலில் கேட்டு உறுதி செய்யுங்கள்.

அதேபோல, நீங்கள் யாரை அழைத்தீர்கள் என்பதையும் மற்றவர் அறியலாம். வீட்டு வன்முறைக்கு ஆளான ஒரு சகோதரி, மகளிர் உதவி இலக்கமான 1938க்கு எடுத்துக் கதைத்தார் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் வருபவர் ரீடயலை அழுத்தினால் விடயம் தெரிந்துவிடும். ஓர் இலக்கத்தை மட்டும் நினைவில் வைக்கும் கருவியென்றால், பிறகு வேறொரு சாதாரண வெளி இலக்கத்தை அழைத்தால் பழையது மறைந்துவிடும். திரையில் பட்டியல் இருந்தால் அதனைத் தனியே அழிக்க வேண்டும். அப்படி அழித்தாலும், சில பி.ஏ.பி.எக்ஸ் பெட்டிகளில் எந்த மேசையிலிருந்து எந்த இலக்கத்துக்கு அழைப்புப் போனது என்ற பதிவு இருக்கும். எனவே இவ்வாறான அழைப்புகளுக்கு அலுவலகத் தொலைபேசியை விட, நம்பிக்கையான ஒருவரின் தொலைபேசியே நல்லது. வீட்டுத் தொலைபேசிக்கும் கைத்தொலைபேசிக்கும் இந்தக் கவனம் பொருந்தும்.

பேஜிங்

ஒருவர் தன் மேசையில் இல்லாதபோது, அவரை எல்லா மேசைகளிலும் ஒரே நேரத்தில் ஒலிக்கும்படி அழைப்பது பேஜிங். அதற்கான இலக்கம் கருவிக்குக் கருவி வேறுபடும். முதல் நாளே கேட்டு, ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டி வையுங்கள். அழுத்தியவுடன் ஒரு சிறு ஒலி கேட்கும். பிறகு ஆறுதலாக, தெளிவாக, இரண்டு தடவை சொல்லுங்கள்: "கணக்குப் பிரிவு உத்தியோகத்தர் முன்மேசைக்கு அழைக்கவும்." ரிசீவரை வைத்தால் முடிந்தது.

ஸ்பீக்கர் இல்லாத சாதாரண தொலைபேசியில் பேஜிங் ஒலிக்காது. ஏற்கெனவே கதைத்துக்கொண்டிருப்பவருக்கும் பொதுவாகக் கேட்காது. பதில் வராவிட்டால் திரும்பத் திரும்பக் கூப்பிடாமல் நேரில் போய்ப் பாருங்கள்.

இங்கே முக்கியமான விடயம் ஒன்று உண்டு. பேஜிங்கில் சொல்வதை உத்தியோகத்தர் மட்டுமல்ல, வாங்கில் காத்திருப்பவர்களும் கேட்கிறார்கள். வெளிநாட்டு அழைப்புக்காகக் கொமினிகேசன் நிலையங்களில் காத்திருந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டவுடன் எத்தனை முகங்கள் திரும்பிப் பார்த்தன! காணாமற்போன மகனைப் பற்றி முறையிட வந்த ஓர் அம்மாவை, "காணாமற்போனோர் விடயமாக இன்னார் வந்திருக்கிறார்" என்று ஒலிபரப்பினால் அவர் மனம் என்ன பாடுபடும்? அடுத்த முறை அவர் வராமலே விடலாம். ஆகவே பேஜிங்கில் உத்தியோகத்தரை மட்டும் அழையுங்கள். வந்தவரின் பெயரையோ ஊரையோ காரணத்தையோ சொல்ல வேண்டாம். அவற்றை உத்தியோகத்தர் திருப்பி எடுத்த பின், ரிசீவரில் மெதுவாகச் சொல்லலாம்.

வேலையில் சேரும் நாளில் மூன்று கேள்விகளைக் கூச்சமின்றிக் கேளுங்கள்: வெளி இணைப்புக்கு எந்த எண்? பேஜிங்குக்கு எந்த எண், அது எங்கெல்லாம் ஒலிக்கும்? ரீடயல் பட்டியலை அழிப்பது எப்படி? கேட்பது அறியாமையல்ல, பொறுப்பு.

சகோதரிகளே, அலுவலக வாசல்களில் எம்மவர்கள் எவ்வளவோ காத்திருந்திருக்கிறார்கள். அந்த வாசலின் மறுபக்கத்தில் உட்காரும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால், வருகின்ற பெண்ணின் மானம் உங்கள் விரல் நுனியில் இருக்கிறது என்பதை மறவாதீர்கள்.