ஒரே கேள்வி நூறு தடவை வந்தால்...

"இதற்கு கரண்டி உண்டா?" "சைஸ் சரியில்லை என்றால் மாற்றித் தருவீர்களா?" காலை முதல் இருபது பேருக்கு இதே பதிலைச் சொன்ன கடைச் சிப்பந்தி, இருபத்தோராவது ஆளிடம் எரிந்து விழுகிறார். ஆனால் கேட்டவருக்கு அதுதான் முதல் தடவை.

இந்தத் தலைவலி கணினி உலகிலும் உண்டு. மென்பொருள் எழுதுவோர் தமது சந்தேகங்களைக் கேட்பதற்காக 2008இல் ஜெஃப் அட்வூட், ஜோயல் ஸ்பொல்ஸ்கி ஆகிய இருவர் 'ஸ்டெக் ஓவர்ஃப்ளோ' என்ற இணையத்தளத்தை ஆரம்பித்தனர். அங்கு பதில் எழுதுவோருக்குச் சம்பளம் இல்லை. ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தால் அவர்கள் சலித்துப் போவார்கள். நல்ல பதிலும் பல இடங்களில் சிதறிப் போகும்.

அதற்கு ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஏற்கனவே பதிலுள்ள கேள்வி மீண்டும் வந்தால், அதை மூடிவிட்டு, பழைய பதில் இருக்கும் இடத்தைக் காட்டுவார்கள். மூடிய கேள்விகள் எல்லாவற்றையும் அழித்துவிடுவதில்லை. ஒரே விடயத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு சொல்லில் தேடுவதால், அந்தக் கேள்விகளே வழிகாட்டிப் பலகைகளாகின்றன.

ஏற்பாடு நல்லது. ஆனால் அது கையாளப்பட்ட விதம் பலரை நோகடித்தது. முகத்தில் கதவை அடித்துச் சாத்தியதாகப் புதியவர்கள் குறைப்பட்டனர். புதியவர்களை வரவேற்கும் இடமாகத் தாம் இருக்கவில்லை என்று 2018 ஏப்ரலில் அந்த நிறுவனமே பகிரங்கமாக ஏற்றுக்கொண்டது. 2022 நவம்பரில் செட்ஜிபிடி வந்தது. அதன் பதில் சிலவேளை பிழைக்கும். ஆனால் எத்தனை தடவை கேட்டாலும் முகம் சுளிக்காது. ஏற்கனவே குறையத் தொடங்கியிருந்த கேள்விகள் அதன் பின் வேகமாகச் சரிந்தன.

நமக்கு இதில் மூன்று பாடங்கள் உண்டு.

ஒன்று, ஒரு கிழமைக்கு வாடிக்கையாளர் கேட்பதையெல்லாம் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். அடிக்கடி வரும் கேள்வி, நமது பற்றுச்சீட்டிலோ பெயர்ப்பலகையிலோ உள்ள குறையைக் காட்டும்.

இரண்டு, பதிலை ஒரு தடவை தெளிவாக எழுதி, கண்ணில் படும் இடத்தில் மாட்டுங்கள். விலைப்பட்டியலைக் காட்சிப்படுத்துவது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி எப்படியும் கட்டாயம். வட்ஸ்அப்பில் வரும் கேள்விகளுக்கும் பதிலைத் தயாராக எழுதி வைக்கலாம்.

மூன்று, "அங்கே எழுதியிருக்கிறதே, பார்க்கவில்லையா?" என்று மாத்திரம் கேட்க வேண்டாம். பதிலை வாயால் சொல்லிவிட்டுப் பலகையைக் காட்டுங்கள். பலகை நமது நேரத்தை மிச்சப்படுத்தத்தான். வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்ப அல்ல. பக்கத்துக் கடையில் அதே கேள்விக்குச் சிரித்த முகத்தோடு பதில் சொல்ல ஒருவர் இருக்கிறார்.