தோட்டப் பணி தொடங்கும் நம் இளைஞர்களுக்கு

நாகர்கோவிலைச் சுற்றியுள்ள நம் பங்குகளில் பூட்டிக் கிடக்கும் வீடுகள்தாம் எத்தனை! பிள்ளைகள் வளைகுடா நாடுகளுக்கும் பெருநகரங்களுக்கும் பிழைப்புத் தேடிச் சென்றிருக்க, வீட்டில் முதியோர் மட்டும் இருக்கின்றனர். சில வீடுகளில் அவர்களும் இல்லை. முற்றத்துப் புல் முழங்கால் அளவுக்கு வளர்ந்து நிற்கின்றது. விளையில் தேங்காய் முற்றித் தானே விழுகின்றது. இரு பருவ மழைகளையும் பெறும் இம்மாவட்டத்தில் புல்லுக்கு ஓய்வேது? வெட்டத்தான் ஆள் கிடைப்பதில்லை. இத்தேவையைக் கண்டுகொண்ட இளைஞர் சிலர், புல்வெட்டும் எந்திரம் ஒன்றை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு புறப்படுகின்றனர். நல்ல தொழில், வியர்வை சிந்தி உண்ணும் தொழில். ஆனால், 'முறைப்படி பதிவு செய்துகொள்ளலாமே' என்று சொன்னால், "ஐயோ, பிறகு வரி கேட்பார்களே!" என்று பின்வாங்குகின்றனர்.

இவ்வச்சத்துக்கு நம் மண்ணில் பழைய காரணம் உண்டு. திருவிதாங்கூர் மன்னராட்சியில் ஏழை உழைப்பாளியின் தலைக்கு வரி இருந்தது. பனையேறுவோனின் ஏணிக்கும், அவன் காலில் மாட்டும் தளைநாருக்குங்கூட வரி இருந்தது. அரசாங்கத் தாளைக் கண்டால் ஒதுங்கி நிற்கும் வழக்கம் பாட்டன் காலத்துச் சொத்தாக நம்மிடம் வந்து சேர்ந்தது எனலாம். அந்த ஆட்சி போயிற்று. 1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. அச்சம் மட்டும் எல்லை தாண்டாமல் நம்மோடேயே தங்கிவிட்டது. இன்று சட்டம் உண்மையில் என்ன கேட்கிறது என்று சற்றுப் பார்ப்போம்.

சிறு தொழில் தொடங்குவோருக்கென நடுவண் அரசு 2020 ஜூலை 1 முதல் 'உத்யம்' என்னும் பதிவு முறையை நடத்தி வருகின்றது. ஆதார் எண்ணும் நிரந்தரக் கணக்கு எண்ணும் (பான்) இருந்தால் கணினி வழியே பதிந்துகொள்ளலாம். இதற்குக் கட்டணம் ஒரு காசும் இல்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம், அரசுத் தளத்தைப் போன்றே தோற்றங்காட்டி ஆயிரம், இரண்டாயிரம் என்று கறக்கும் தனியார் தளங்கள் பல இருப்பதே. இப்பதிவினால் வரி எதுவும் விளைவதில்லை. வங்கிக் கடன் கேட்கும்போதும், கோணத்திலுள்ள மாவட்டத் தொழில் மையத்தில் மானியக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போதும் கைகொடுக்கும். அண்ணனும் தம்பியும், அல்லது நண்பர் இருவர் கூட்டாகத் தொடங்கினால், கூட்டு ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்துகொள்வது நலம். 1932 ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் பதிவு செய்யாத கூட்டு நிறுவனம் தனக்கு வரவேண்டிய தொகைக்காக வழக்குத் தொடர முடியாது. 'நம் ஆட்கள்தானே' என்று வாய்ச்சொல்லில் தொடங்கிப் பேச்சுவார்த்தையே அற்றுப்போன குடும்பங்களை வாசகர்கள் அறிவார்கள்.

இனி, எல்லாரும் அஞ்சும் வரிக்கு வருவோம். ஓர் இளைஞன் நாளொன்றுக்கு 1,500 ரூபாய் வீதம் மாதம் 25 நாள் வேலை செய்கிறான் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு நாலரை லட்சம் ரூபாய் வரவு. சேவைத் தொழில் செய்வோரின் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் சரக்கு மற்றும் சேவை வரிக்குப் பதிவு செய்தல் வேண்டும். நம் இளைஞனின் வரவு அதில் கால் பங்குகூட இல்லை! கௌரவத்துக்காக அந்த எண்ணை வாங்கி வைப்பதும் வேண்டாத வேலை. வாங்கியபின் வேலையே இல்லாத காலத்துக்கும் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். தவறினால் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். ஒன்று மட்டும் கூடவே கூடாது: பதிவு செய்யாமலேயே ரசீதில் 18 விழுக்காடு வரி என்று எழுதி வாங்குவது குற்றம்.

வருமான வரியும் அப்படித்தான். 2025-26 நிதியாண்டு முதல், புதிய வரி முறையில் 12 லட்சம் வரையிலான இத்தகைய வருமானத்துக்கு வரி ஏதும் செலுத்த வேண்டியதில்லை. சிறு தொழிலர் பெரிய கணக்குப் புத்தகங்கள் வைக்காமல், மொத்த வரவில் 8 விழுக்காட்டை, வங்கி வழியே வந்த தொகையாயின் 6 விழுக்காட்டை, வருமானமாகக் காட்டும் வழியும் உண்டு. உண்மையான வருமானம் அதைவிட மிகுதியாயின் மிகுதியையே காட்ட வேண்டும் என்பதைச் சட்டத்தோடு மனச்சான்றும் சொல்லும். வரி இல்லையென்றாலும் ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்வது பயன் தரும். நாளைக்குக் கடன் கேட்கையில் வங்கி முதலில் கேட்பது அத்தாளைத்தான். கல்லூரி, மருத்துவமனை போன்ற நிறுவனங்களின் வளாகத்தை ஒப்பந்தத்துக்கு எடுத்தால், அவர்கள் தொகையில் ஒரு விழுக்காட்டை வரியாகப் பிடித்துக்கொண்டு தருவதும் உண்டு. கணக்குக் காட்டினாலன்றி அப்பணம் திரும்பி வராது. மாநகராட்சியோ ஊராட்சியோ அரையாண்டுக்கு ஒருமுறை கேட்கும் தொழில் வரி இருக்கின்றது. அதுவும் ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக் கூடாதென அரசியலமைப்பே வரம்பு கட்டியிருக்கிறது. சுங்கச் சாவடியில் அமர்ந்திருந்த மத்தேயுவைத் திருத்தூதராக வணங்கும் நாம், வரி என்ற சொல்லுக்கே இவ்வளவு நடுங்க வேண்டியதில்லை.

அஞ்ச வேண்டியது வேறொன்று உண்டு. அதைப் பற்றித்தான் நம் இளைஞர்கள் எண்ணுவதே இல்லை.

புல்வெட்டும் எந்திரத்தின் தகடு நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழல்வது. புல்லுக்குள் மறைந்து கிடக்கும் ஒரு சரளைக்கல் அதில் பட்டால், பறந்து சென்று அடுத்த வீட்டுக் காரின் கண்ணாடியையும் உடைக்கலாம். வேடிக்கை பார்க்கும் குழந்தையின் கண்ணையும் கெடுக்கலாம். தோட்டத்தைச் சுத்தம் செய்யப் போனவனிடம் வீட்டுக்காரர், "அந்தத் தென்னையிலும் ஏறிக் காய்ந்த ஓலையைத் தள்ளிவிடு தம்பி" என்பார். அவன் தன்னோடு நாட்கூலிக்கு வந்த உதவியாளை ஏறச் சொல்வான். மழையில் நனைந்த மரம். கால் வழுக்கினால்?

அப்போது அவ்வுதவியாளின் முதலாளி யார்? நேற்றுவரை தானும் கூலியாளாக இருந்த அந்த இளைஞன்தான். வேலையில் விபத்துற்ற தொழிலாளிக்கு முதலாளி ஈடு தரவேண்டுமென்ற கடமையை 1923 ஆம் ஆண்டிலேயே சட்டம் வகுத்தது. பனையேறுதலும் மரம் வெட்டுதலும் அச்சட்டத்தின் பட்டியலிலேயே இடம்பெற்றிருந்தன. மாதம் 15,000 ரூபாய் கூலி பெறும் 30 வயதுத் தொழிலாளி இறந்தால், அச்சட்டத்தின் கணக்குப்படி தரவேண்டிய ஈடு 15 லட்சத்து 59 ஆயிரத்துக்கும் மேல். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்துள்ளது. முதலாளியின் கடமை நீங்கிவிடவில்லை. 'அவனாகத்தான் வந்தான்', 'பதிவே செய்யவில்லையே' என்பனவெல்லாம் அங்கே செல்லா. வீட்டை விற்றாலும் அடைபடாத கடன் இது.

இதற்குத் தடுப்பு என்ன? பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு என்று கேட்டால் தருவார்கள். ஆள் எண்ணிக்கையும் கூலியும் சொல்லி எடுத்துக்கொள்ளலாம். பிறருடைய உடைமைக்கோ உடலுக்கோ தீங்கு நேர்ந்தால் ஈடுகட்டும் பொதுப் பொறுப்புக் காப்பீடும் உண்டு. தென்னை ஏறுவோருக்கென்றே தென்னை வளர்ச்சி வாரியம் 'கேர சுரக்ஷா' என்னும் விபத்துக் காப்பீட்டை நடத்துகின்றது. தவணையின் பெரும்பகுதியை வாரியமே செலுத்திவிடுகிறது. வங்கிக் கணக்குள்ள 18 முதல் 70 வயது வரையிலானோர் ஆண்டுக்கு 20 ரூபாயில் பிரதமரின் விபத்துக் காப்பீட்டில் சேரலாம். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். ஒரு கண்ணோ ஒரு கையோ இழந்தால் ஒரு லட்சம். இத்தொகை முதலாளியின் கடமையைத் தீர்த்துவிடாது. ஆயினும் அடுப்பெரிய உதவும். பத்துப் பேருக்கு வேலை தரும் நிலைக்கு வளர்ந்தால் தொழிலாளர் அரசு காப்பீட்டில் பதிந்தாக வேண்டும். அந்த நாள் வருமாயின் மகிழ்ச்சியே.

இப்போதெல்லாம் நடப்பது என்ன? ஒருவர் மரத்திலிருந்து விழுந்தால், ஞாயிறு திருப்பலிக்குப் பின் அறிவிப்பு வருகின்றது. வின்சென்ட் தே பவுல் சபையார் வீடு வீடாகச் செல்கின்றனர். நம் மக்கள் தாராளமாகவே தருகின்றனர். ஆனால் அது மருத்துவமனையின் முதற்செலவுக்கே போதாது. உழைப்பவனுக்கு உரியது பிச்சையன்று, நீதி என்பதைத் திருத்தந்தை 13ஆம் லியோ 1891 இலேயே தம் சுற்றுமடலில் எடுத்துரைத்தார். இதில் வேலை தரும் வீட்டாருக்கும் பங்குண்டு. நூறு ரூபாய் குறைக்கப் பேரம் பேசும் நாம், "இடைவார் இருக்கிறதா? கண்ணாடி போட்டிருக்கிறாயா? காப்பீடு எடுத்தாயா?" என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறோமா? காப்பீட்டுச் செலவையும் சேர்த்து அவன் கூலி சொன்னால், முகஞ்சுளிக்காமல் கொடுக்கலாம் அன்றோ?

20 ரூபாய்க் காப்பீடு ஒவ்வோர் ஆண்டும் மே 31 இல் முடிந்து, கணக்கில் பணம் இருந்தால் மட்டுமே தானாகப் புதுப்பிக்கப்படும். ஆகவே ஜூன் முதல் வாரத்தில் வங்கிப் புத்தகத்தைப் பதிந்து, தொகை கழிந்திருக்கிறதா என்று பாருங்கள். உங்களோடு வேலைக்கு வருபவருடைய புத்தகத்தையும் வாங்கிப் பாருங்கள்.